பட்ஜெட்ல கேமிங் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

2000 ரூபாயில இருந்து 4000 ரூபாய்க்குள்ள ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கணும், வேலரன்ட்டோ சிஎஸ் 2-ஓ (கவுன்டர் ஸ்ட்ரைக் 2) மாதிரி துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடணும்னு தேட ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துலயே தலை சுத்தும். எல்லாமே கலர் கலரா மின்னும், எல்லாத்துக்கும் 4 ஸ்டாருக்கு மேல ரேட்டிங் இருக்கும், எல்லா தலைப்புலயும் கேமிங்னு எழுதியிருக்கும். ஆனா இந்த விலைல எல்லாமே நல்லா இருக்குற கீபோர்டுன்னு ஒண்ணு கிடையாது, எங்கயாவது காசை மிச்சம் பிடிச்சுத்தான் செஞ்சிருப்பாங்க, அது எங்கன்னு தெரிஞ்சு வாங்கணும் அவ்ளோதான். என் கணக்கு என்னன்னா, வாங்கினதுக்கு அப்புறம் மாத்தவே முடியாத சமாச்சாரம் எதுவோ அதை உத்துப் பாருங்க, பின்னாடி சில நூறு ரூபாய் செலவு பண்ணி மாத்திக்கலாம்னா அது சுமாரா இருந்தாலும் விடுங்க. நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, லைட்டையும் கீகேப் (கீ மேல எழுத்து போட்டிருக்குற மூடி) கலரையும் பார்த்து ஆர்டர் போட்டுட்டு, பார்சல் வந்த பிறகுதான் ஆரோ கீயே இல்லன்னு கவனிக்கிறாங்க.

முதல்ல, மெக்கானிக்கலே இல்லாத ஒண்ணை மெக்கானிக்கல்னு நினைச்சு வாங்குறது. 700, 800 ரூபாய்க்கு மெக்கானிக்கல் ஃபீல், செமி மெக்கானிக்கல்னு போட்டு விக்கிறதெல்லாம் உள்ள ரப்பர் வச்ச சாதா மெம்பிரேன் கீபோர்டுதான். அதுல கீயை அழுத்தினா ரப்பர் அமுங்கி, அடியில இருக்குற பிளாஸ்டிக் ஷீட்டை அழுத்தி, அப்புறம்தான் எழுத்து விழும். நிஜ மெக்கானிக்கல்ல ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா ஒரு ஸ்விட்ச், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், தொட்டுக்கிற உலோகத் தகடு. பாதி தூரம் போனதுமே கனெக்ட் ஆகிடும், அடி வரைக்கும் அமுக்கணும்னு இல்ல. கீகேப்பைக் கழட்டிப் பார்த்து கூட்டல் குறி மாதிரி தண்டு இருந்தா மெக்கானிக்கல்னு ஒரு யோசனை சுத்திட்டு இருக்கு, அதை நம்பாதீங்க, மெம்பிரேன்லயே அந்தத் தண்டு வச்சு வருது. ஸ்விட்ச் எந்த கம்பெனி, என்ன வகைன்னு விவரத்துல சொல்லாம வெறும் மெக்கானிக்கல்னு மட்டும் போட்டிருந்தா அடுத்ததுக்குப் போயிடுங்க. மெம்பிரேன்ல விளையாட முடியாதான்னு கேட்டா தாராளமா முடியும், ஆனா அதுக்கு மெம்பிரேன் விலைதான் குடுக்கணும்.

அடுத்து ப்ளூ ஸ்விட்ச். ஸ்விட்ச் வகையை கலர் பேர் வச்சுத்தான் சொல்லுவாங்க, ப்ளூன்னா ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கிளிக்னு சத்தம் போடுறது. யூட்யூப்ல யாரோ டக் டக்னு தட்டுற சத்தம் கேட்டு ஆசைப்பட்டு வாங்கிட்டு, ராத்திரி 11 மணிக்கு மேட்ச் ஆடும்போது பக்கத்து ரூம்ல இருந்து அம்மா கத்துறது ரொம்ப சகஜம். டிஸ்கார்ட்னு விளையாடும்போது பேசிக்கிற ஆப்ல டீம்ல இருக்குறவங்களுக்கும் உங்க குரலை விட கீபோர்டு சத்தம்தான் முதல்ல போய்ச் சேரும், அதுல சத்தத்தைக் குறைக்கிற செட்டிங் இருக்கு, ஓரளவுக்கு சமாளிக்கும், ஆனா வீட்ல இருக்குறவங்க காதுக்கு அந்த செட்டிங் கிடையாதே. சத்தத்தை விடுங்க, விளையாட்டுக்கே இதுல ஒரு சிக்கல் இருக்கு. ப்ளூ மாதிரி கிளிக் ஸ்விட்ச்ல கீ பதிவாகுற இடமும், விட்டதா கணக்காகுற இடமும் வேற வேற, விட்டதா ஆகணும்னா இன்னும் கொஞ்சம் மேல வரணும். அதனால ஒரே கீயை படபடன்னு திரும்பத் திரும்பத் தட்டுறப்பவும், ஏ-வை விட்டுட்டு உடனே டி-யைத் தட்டி நின்னு சுடுறப்பவும் கொஞ்சம் இழுக்கிற மாதிரி தெரியும். டைப்பிங்தான் அதிகம், கேம் எப்பவாவது, ரூம்ல தனியா இருக்கேன்னா ப்ளூ வாங்குங்க, அந்த சத்தத்துல ஒரு சுகம் இருக்கு, நான் மறுக்கல.

ரெட்னா லீனியர், வழுக்கிட்டு கீழ போகும், நடுவுல தடையே இருக்காது. பிரவுன்னா நடுவுல லேசா ஒரு தடங்கல் விரலுக்குத் தெரியும், சத்தம் பெருசா வராது. செர்ரி கம்பெனியோட கணக்குல ரெட்டுக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம், 2 மில்லிமீட்டர்ல பதிவாகும், மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழ போகும். பட்ஜெட் கீபோர்டுல பெரும்பாலும் செர்ரி வராது, அவுட்டெமு, கேட்டரான், கைல் மாதிரி சீன கம்பெனி ஸ்விட்ச்தான் வரும், செர்ரியோட பழைய பேட்டன்ட் 2014 வாக்குல முடிஞ்சதும் எல்லாரும் அதே டிசைன்ல செய்ய ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நமக்கு இந்த விலைல கிடைக்குதுன்னா அதுதான் காரணம். அதனால செர்ரி இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம், சில சீன லீனியர் ஸ்விட்ச் செர்ரியை விட வழவழன்னே இருக்கும்.

ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க. ரெட், பிரவுன், ப்ளூ மூணும் பெரும்பாலும் எல்லா இடத்துலயும் ஒரே அர்த்தம்தான், அதைத் தாண்டினா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ரேசர்ல கிரீன்தான் கிளிக் பண்ற ஸ்விட்ச், ஆரஞ்ச்தான் தடங்கல் தெரியுற ஸ்விட்ச். இப்ப கலரே இல்லாம ரீப்பர், கிரேவுட்னெல்லாம் பேர் வச்சு வருது, ரெண்டுமே லீனியர்தான், பேரை வச்சு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? லீனியரா, டாக்டைலா (பிரவுன் மாதிரி தடங்கல் தெரியுறது), கிளிக்கியா (ப்ளூ மாதிரி சத்தம் போடுறது)ன்னு மட்டும் தேடிப் பாருங்க. ஸ்பீட் சில்வர்னு ஒண்ணு வரும், செர்ரியோடது 1.2 மில்லிமீட்டர்லயே பதிவாகும், கேக்க நல்லா இருக்கும், ஆனா விரலைச் சும்மா வச்சாலே கீ விழுந்து நடுவுல கிரெனேடு கையில வந்து நிக்கும். விரல் கனமா வைக்கிற ஆளுன்னா அந்தப் பக்கம் போகாதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஹாட் ஸ்வாப். ஸ்விட்சை சால்டரிங் (ஈயத்தை உருக்கி ஒட்டுறது) இல்லாம கையால பிடுங்கி வேற ஸ்விட்ச் சொருகலாம்ங்கறதுதான் இது. இதை ஏதோ ஆடம்பரம், கீபோர்டு பைத்தியம் பிடிச்சவங்களுக்குன்னு நினைச்சு 300, 400 ரூபாய் கம்மின்னு சால்டர் பண்ணின மாடலை எடுக்கிறாங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்பாத் தெரியுது. விலை கம்மியான ஸ்விட்ச்ல கொஞ்ச மாசத்துல வர்ற வியாதி என்னன்னா, ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை விழும், இல்ல விழவே விழாது, அதுவும் அதிகமா அடி வாங்குற டபிள்யூ, ஏ, எஸ், டி, ஸ்பேஸ் இதுலதான் முதல்ல வரும். ஹாட் ஸ்வாப் இருந்தா நீங்க தொடவே தொடாத ஸ்க்ரோல் லாக் கீல இருந்து ஸ்விட்சைப் பிடுங்கி டபிள்யூல போட்டா கதை முடிஞ்சது, செலவே இல்ல. சால்டர் பண்ணினதுன்னா அயர்ன் வச்சு கழட்டத் தெரிஞ்ச ஆளைத் தேடணும், அவர் கேக்குற கூலிக்குப் பேசாம புதுசே வாங்கிடலாம்னு தோணும்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஹாட் ஸ்வாப்னு போட்டிருந்தாலும் சில விலை கம்மி போர்டுல அவுட்டெமு ஸ்விட்ச் மட்டும்தான் உள்ள போகும், அவங்க பின் கொஞ்சம் மெல்லிசு, ஓட்டையும் அதுக்கேத்த மாதிரி சின்னது, கேட்டரானைத் திணிச்சா பின் மடங்கிடும். எல்லா கம்பெனி ஸ்விட்சும் போகுமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விவரத்துல பாருங்க, இல்லன்னா கேள்வி பகுதியில கேளுங்க. 3 பின், 5 பின்னு ஒரு பேச்சும் வரும், அதுக்குப் பயப்பட வேண்டாம், 5 பின்ல கூடுதலா இருக்குற ரெண்டு காலும் வெறும் பிளாஸ்டிக், 3 பின் போர்டுல போடணும்னா நகவெட்டியால வெட்டிட்டுப் போட்டுக்கலாம்.

ஸ்விட்சை மாத்திக்கலாம், ஆனா சைஸை மாத்த முடியாது. 61 கீ இருக்குற 60 சதவீத கீபோர்டு போட்டோல அழகா இருக்கும், விலையும் கம்மி, ஆர்கே 61 மாதிரி நிறைய இருக்கு. ஆனா அதுல ஆரோ கீ கிடையாது, எஃப் வரிசை கிடையாது, டெலிட் கிடையாது, எல்லாத்துக்கும் ஃபங்ஷன் கீயைப் பிடிச்சுட்டு இன்னொண்ணை அழுத்தணும். சிஎஸ்ல கன்சோல் (கமாண்ட் டைப் பண்ற பெட்டி) திறக்கிற கீ இருக்கே, ஒண்ணாம் நம்பருக்கு இடது பக்கத்துல இருக்குறது, அந்த இடத்துல எஸ்கேப் உக்காந்திருக்கும். காலேஜ் அசைன்மென்ட், எக்செல், கோடிங்னு அதே கீபோர்டுலதான் வேலையும்னா ஒரு வாரத்துல வெறுத்துடும். கேம் மட்டும்தான், மவுசுக்கு நிறைய இடம் வேணும், சென்சிட்டிவிட்டி ரொம்ப கம்மியா வச்சு கை முழுக்க நகர்த்துற ஆளுன்னா மட்டும் 60 சரி. மத்தவங்களுக்கு 87 கீ இருக்குற டிகேஎல், இல்ல 75 சதவீதம், ரெண்டுல ஒண்ணு போதும், ஆரோவும் இருக்கும், எஃப் வரிசையும் இருக்கும், நம்பர் பேட் இல்லாததால மவுசுக்கு இடமும் கிடைக்கும். வீட்ல யாராவது டேலி போடுறவங்க இருந்தா நம்பர் பேட் இல்லாத கீபோர்டை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, அவங்களுக்கு 96 சதவீதம்னு நெருக்கி அடுக்கினது வருது, அதைப் பாருங்க.

அட்டைப் பெட்டி மேல இருக்குற நம்பர்ங்க. 5 கோடி தடவை அழுத்தலாம்னு போட்டிருப்பான், அதைப் பார்த்து 6 கோடிக்காரனுக்கு 500 ரூபாய் கூடுதலா குடுக்காதீங்க. ஒரு கீயை ஒரு நாளைக்கு 10,000 தடவை அழுத்தினாலும் 5 கோடி தீர 5000 நாள் ஆகும், 13 வருஷத்துக்கு மேல, அதுக்குள்ள கேபிளோ போர்ட்டோ போயிருக்கும். அப்புறம் 8000 ஹெர்ட்ஸ் போலிங். 1000 ஹெர்ட்ஸ்னா கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை கீபோர்டைக் கேக்குது, 8000-னா 0.125 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸா இருந்தா ஒரு ஃபிரேமுக்கே 16 மில்லி செகண்டுக்கு மேல ஆகுது, இதுல ஒரு மில்லி செகண்டுக்கும் கம்மியா மிச்சம் பிடிச்சு என்ன பண்றது? அந்தக் காசை மானிட்டருக்கு எடுத்து வைங்க. பார்க்க வேண்டியது 'என்-கீ ரோல்ஓவர்' (NKRO) இருக்கான்னுதான், எத்தனை கீயை ஒரே நேரத்துல அழுத்தினாலும் எல்லாம் பதிவாகும்னு அர்த்தம். யுஎஸ்பியோட அடிப்படை முறைல ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி கீயைத் தவிர்த்து 6 கீ வரைக்கும்தான் போகும், தனியா ஆடுறவங்களுக்கு அதுவே தாராளம், ஆனா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கீபோர்டுல ஃபைட்டிங் கேம் ஆடுற வீடுன்னா 6 பத்தாது, சண்டை கேமுக்கு வெளியிலயும் வரும்.

வயர்லெஸ்ல ப்ளூடூத்னு மட்டும் போட்டிருந்தா கேமுக்கு வேண்டாம், டாங்கிள் (கம்ப்யூட்டர் யுஎஸ்பில சொருகுற சின்ன ரிசீவர்) வச்ச 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கணும். இந்த பட்ஜெட்ல என்னைக் கேட்டா வயரே போதும்னுதான் சொல்லுவேன், பேட்டரி, டாங்கிள் எல்லாத்துக்கும் போற காசு ஸ்விட்ச்லயும் போர்டுலயும் வந்து சேரும். கேபிள் மட்டும் கழட்டி மாட்டுற டைப் சியா இருக்கணும், நிரந்தரமா ஒட்டியிருக்குற கேபிள் உள்ள அறுந்தா ரொம்ப வம்பு. சில விலை கம்மி போர்டுல ரெண்டு பக்கமும் சி இருக்குற கேபிள் போட்டா வேலையே செய்யாது, கெட்டுப் போச்சுன்னு நினைச்சு திருப்பி அனுப்பிடாதீங்க, பெட்டியோட வந்த கேபிளைப் போட்டுப் பாருங்க.

இப்ப புதுசா ஒரு ஆசை எல்லாருக்கும், ஹால் எஃபெக்ட், காந்த ஸ்விட்ச். உலோகம் தொடுறது இல்லாம காந்தத்தை வச்சு கீ எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு அளக்கும், அதனால எங்க பதிவாகணும்னு நாமளே வச்சுக்கலாம், விரலை லேசாத் தூக்கினாலே விட்டதா எடுத்துக்கும், அதைத்தான் ரேபிட் ட்ரிக்கர்னு சொல்றாங்க. நெதர்லாந்துல இருக்குற வூட்டிங் (Wooting) கம்பெனிதான் இதை பிரபலம் ஆக்கினது, இப்ப சீனாவுல இருந்து பட்ஜெட்லயே வருது. சிஎஸ், வேலரன்ட் சீரியஸா ஆடுறவங்களுக்கு நிஜமாவே வித்தியாசம் தெரியும், மைன்கிராஃப்ட், ஜிடிஏ, கிரிக்கெட் கேம் ஆடுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதுல சாதா மெக்கானிக்கல் ஸ்விட்ச் பெரும்பாலும் போடவும் முடியாது. எல்லாத்தையும் விட, ஸ்னாப் டாப் இருக்குன்னு விளம்பரம் பண்ணினா அதுக்காக வாங்காதீங்க, ஏ-வும் டி-யும் ஒரே நேரத்துல அமுங்கியிருந்தா கடைசியா அழுத்தினதை மட்டும் எடுத்துக்குற வசதி அது, 2024 ஆகஸ்ட்ல சிஎஸ் செஞ்ச வால்வ் கம்பெனி இதை சிஎஸ் 2-வோட அவங்க சர்வர்ல தடை பண்ணிட்டாங்க, ஆன் பண்ணி ஆடினா மேட்ச்ல இருந்து வெளிய தள்ளிடும்.

ஆர்ஜிபி, அதாவது கலர் மாத்திக்கிற லைட் பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. ரெயின்போன்னு போட்டிருந்தா ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே நிலையான கலர், மாத்த முடியாது, ஆர்ஜிபின்னு நினைச்சு ஏமாறாதீங்க. கீகேப் ஏபிஎஸ், பிபிடின்னு ரெண்டு வகை பிளாஸ்டிக்ல வரும், ஏபிஎஸ்ஸா இருந்தா கொஞ்ச நாள்ல எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும், பிபிடின்னா அவ்ளோ சீக்கிரம் ஆகாது, ஆனா கீகேப்பை எப்ப வேணா மாத்திக்கலாம், அதனால இதுக்காக நல்ல போர்டை விட்டுடாதீங்க. ஸ்பேஸ்பார் அளவு மட்டும் வழக்கமான 6.25 யூனிட்டான்னு (ஒரு எழுத்து கீயோட அகலம் ஒரு யூனிட்) பாருங்க, இல்லன்னா வெளிய வாங்குற செட் பொருந்தாது.

நேர்ல பார்த்து வாங்க முடிஞ்சா அதுதான் நல்லது, சென்னைல இருக்குறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சுத்து சுத்தினா நாலஞ்சு ஸ்விட்சைத் தட்டியாவது பார்க்கலாம், ரெட்டா பிரவுனான்னு 20 வீடியோ பார்த்தும் முடிவாகாதது அங்க 2 நிமிஷத்துல முடிவாகும். ஆன்லைன்ல வாங்கினா திருப்பி எடுப்பாங்களா, மாத்தி மட்டும் குடுப்பாங்களா, இல்ல சர்வீஸ் சென்டருக்குப் போன்னு சொல்லுவாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க, வெளிநாட்டுல இருந்து நேரா வர்ற கீபோர்டுக்கு இங்க வாரன்டி பார்க்க ஆள் இருக்குமான்னும் கேளுங்க. பார்சல் வந்த அன்னைக்கே கீபோர்டு டெஸ்டர் வெப்சைட்டைத் திறந்து ஒரு கீ விடாம அழுத்திப் பாருங்க, ஒவ்வொண்ணையும் ஒரு இருபது தடவை, ரெண்டு ரெண்டா விழுதான்னு. ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் நாலையும் நடுவுல மட்டும் இல்லாம ஓரத்துலயும் தட்டுங்க, லொட லொடன்னு ஆடினா ஸ்டெபிலைசர்ல (நீளமான கீ சாயாம தாங்குற கம்பி) கிரீஸ் பத்தலன்னு அர்த்தம், அதை நாமளே போட்டுக்கலாம், ஆனா ஓரத்துல அழுத்தினா மாட்டிக்கிட்டு மேல வரலன்னா உடனே திருப்பி அனுப்புங்க, பெட்டியையும் உள்ள இருந்த கவரையும் அதுவரைக்கும் தூக்கிப் போடாதீங்க.