எதிரில் உட்கார்ந்தவர் முகம் இறுகாமல் போர்ட்ரெய்ட் எடுப்பது

கேமரா முன்னால் முகம் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் படம் எடுப்பவரே காரணம். ஸ்க்ரீனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, ஒன்றும் பேசாமல் டயலைத் திருகினால், எதிரில் இருப்பவர் "என் முகம்தான் சரியில்லை போல" என்றுதான் நினைப்பார். எனவே லைட் வேலை அவர் வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும். வேறொருவரை நாற்காலியில் உட்கார வைத்து, மெயின் லைட்டை 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) முடிவு செய்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4 போதும். ஃபோகஸ் கேமராவுக்குக் கிட்டே உள்ள கண்ணில்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 35 எம்எம் ஃபிலிம் அளவு உள்ளது) 85 எம்எம் லென்ஸ் போட்டு 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அரை மீட்டருக்கு நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கித் தெரியும். அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, தூரம். அவ்வளவு அருகில் கேமரா வந்தால் யாருக்கும் கூச்சம் வரும். 2 மீட்டரில் சாதாரணக் குரலிலேயே பேசலாம். முடிந்தால் கேமராவை ட்ரைபாடில் வைத்து ரிமோட்டால் எடுங்கள். அப்போது அவர் லென்ஸிடம் அல்ல, உங்களிடம் பேசுவார்.

"இயல்பா இருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் போய்விடும். உடம்பால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்: நிற்பவரானால் "எடையைப் பின்காலுக்குக் கொடுங்க", உட்கார்ந்தவரானாலும் "மோவாயைக் கொஞ்சம் முன்னால நீட்டி, லேசா கீழே இறக்குங்க". தலையை எப்படித் திருப்ப வேண்டும் என்பதை நீங்களே கண்ணாடி போல எதிரில் நின்று செய்து காட்டினால் இடம் வலம் குழப்பமே வராது. சிரிப்பைப் பிடித்து வைக்கச் சொன்னால் சில நொடிகளில் உதடு மட்டும் சிரிக்கும், கண் சிரிக்காது. கண்ணை மூடி மூச்சை விடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். திறந்த அந்தக் கணத்தில் க்ளிக் செய்யுங்கள்.

மூக்குக்கண்ணாடியில் லைட் பளபளத்தால் லைட்டை உயர்த்துங்கள். போதவில்லையென்றால், கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து ஒரு நூல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலர், முடி எதுவானாலும் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தால் அவரே சரிசெய்துகொள்வார்.

படத்தைக் காட்டியதும் "நான் இப்படியா இருக்கேன்?" என்று பலர் கேட்பார்கள். தினமும் கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தைப் பார்த்துப் பழகியதால் வரும் திகைப்பு அது. அதே படத்தை ஃப்ளிப் செய்து பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார். கொடுக்கும்போது ஃப்ளிப் செய்யாததையே கொடுங்கள். மறு, தழும்பு போன்றவற்றை நீக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்; சிலருக்கு அது தங்கள் முகத்தின் பகுதி. பிடிக்காத படத்தை அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

வெளியிடுவதற்கான சம்மதத்தை, அவர் தேர்ந்த படத்தைப் பார்த்த பிறகே கேளுங்கள். எந்தப் படம், எங்கே, எவ்வளவு காலம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தையானால் பெற்றோர் கையெழுத்தோடு நிறுத்தாமல், அந்தக் குழந்தையிடமும் கேளுங்கள்.