மதிய இடைவேளையில் ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பது எப்படி

வியாழக்கிழமை மதியம் 1.40க்கு எங்கள் பார் (வழக்கறிஞர் சங்க) நூலகத்தில் ஜூனியர் வக்கீல்களுக்கான வகுப்புக்கு உட்காருவோம், 2.20க்கு எழுந்துவிடுவோம். சாப்பாட்டு டப்பாவோடு வரலாம். சில வாரம் ஆறு பேர், சில வாரம் இருபது பேர். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தாலுகா கோர்ட்டில் 23 வருஷமாக வக்கீல். பக்கத்து ஊர் கோர்ட்டுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் "எங்க பாரிலும் இதை ஆரம்பிக்கணும் மேடம், எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும், சொல்லித்தர மனமிருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாத சீனியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேறிவிட்டால், அதன்பின் இத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் வக்கீல்களுக்கு இல்லை. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6வது பிரிவு, கருத்தரங்கு நடத்துவதையும் மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் ஒரு தாலுகா கோர்ட் ஜூனியருக்கு, கருத்தரங்குக்காக நகரத்துக்குப் போய்வருவது ஒரு நாள் வேலையும் பஸ் காசும். 2024 ஜூலை 1 அன்று மூன்று குற்றவியல் சட்டங்களும் ஒரே நாளில் புதிதாக மாறியபோது, எங்கள் பாரில் பாதிப் பேர் பிரிவு எண்களை வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அந்த மாதம்தான் எங்கள் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்தது.

முதலில் நேரம். மாலை 5 மணிக்கு மேல் வைக்காதீர்கள். ஜூனியர்கள் 6 மணிக்குள் சீனியர் ஆபீசில் இருக்க வேண்டும், கட்சிக்காரர்கள் வருவதே அப்போதுதான். கிராமத்திலிருந்து வரும் பெண் வக்கீல்களுக்குக் கடைசி பஸ் கவலை வேறு. சனிக்கிழமையும் சரிப்படவில்லை, நாங்கள் முயன்று பார்த்தோம். மதிய இடைவேளை ஒன்றுதான் எல்லாருக்கும் பொதுவானது. நாற்பது நிமிஷம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரே விஷயத்தை எடுத்தால் தாராளம்.

இடத்துக்குச் சங்கச் செயலரிடம் வாயால் கேட்டால் போதும். தனி அமைப்பு, பெயர்ப்பலகை, பொறுப்பாளர் பட்டியல் என்று போகாதீர்கள். அதில் ஆரம்பித்தால் வகுப்பு தொடங்கும் முன்பே இரண்டு கோஷ்டி வந்துவிடும். கோர்ட் புறக்கணிப்பு நாட்களில் நடத்தலாமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ்தான், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

இனி, சொல்லித்தருவதைப் பற்றி. சட்டத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். ஒரு கேஸ் கட்டை எடுத்து வையுங்கள். தீர்ப்பாகி முடிந்த வழக்காக இருக்கட்டும். ஊர், பேர் எல்லாவற்றையும் மாற்றி, தேவையான நாலைந்து பக்கத்தை மட்டும் நகலெடுங்கள். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை எழுதிய குறிப்புகள் எதுவும் அதில் இருக்கக்கூடாது. சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 132வது பிரிவு சொல்லும் ரகசியக் கடமை, வழக்கு முடிந்த பிறகும் தொடர்கிறது. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள்) கட்டுகளையும் பாலியல் குற்ற வழக்குகளையும் நான் தொடுவதே இல்லை. பெயரை மாற்றினாலும் சின்ன ஊரில் யார் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வகுப்பில் மூன்று முறை திரும்பத் திரும்ப எடுத்த பாடம், குறுக்கு விசாரணையில் முரண்பாட்டைப் பதிவு செய்வது, அதாவது சாட்சி போலீசில் ஒன்றும் கோர்ட்டில் வேறொன்றும் சொன்னதைக் காட்டுவது. அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு அடிதடி வழக்கு. அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தில், "இருட்டாக இருந்ததால் அடித்தது யார் என்று தெரியவில்லை" என்று இருக்கிறது. கூண்டில் ஏறி முதல் விசாரணையில், "முதல் எதிரிதான் கம்பால் அடித்தார்" என்கிறார். வகுப்பில் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன்தான் சாட்சியாக நடித்தார். இரண்டாம் வருஷ ஜூனியர் ஒருவர் எழுந்து, "நீங்க போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்க, சரிதானே?" என்றார். அண்ணன் "இல்லீங்க" என்றார். தம்பி உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க தம்பி. வேற மாதிரின்னா எந்த மாதிரி? சாட்சிக்கும் தெரியலை, ஜட்ஜுக்கும் தெரியலை. அந்த வரியை அப்படியே வாசிச்சுக் கேளுங்க."

வாசித்தார். சாட்சி, "அப்படி நான் சொல்லலை" என்றார்.

"இப்ப பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. மீதி எங்கே?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஜன்னலோரம் இருந்த பெண் மெதுவாக, "ஐ.ஓ.கிட்ட கேக்கணும் மேடம்" என்றார்.

அதேதான். ஐ.ஓ., அதாவது வழக்கைப் புலனாய்வு செய்த போலீஸ் விசாரணை அதிகாரி, கூண்டில் ஏறும்போது அதே வரியைக் காட்டி, "இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு, "ஆமாம்" என்று வாங்கினால்தான் முரண்பாடு நிரூபணமாகும். நடுவில் மூன்று மாதம் வாய்தா போயிருக்கும், அந்தக் கேள்வி மறந்துபோகும். வாதத்தின்போது வாக்குமூலத்தை எடுத்து நீட்டினால் பயனில்லை. ஆகவே கட்டின் மேல் அட்டையிலேயே "ஐ.ஓ.விடம் கேட்க" என்று சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். போலீசில் சொல்லாத ஒன்றைக் கோர்ட்டில் புதிதாகச் சொன்னால் கேள்வி திரும்பிக்கொள்ளும்: சாட்சியிடம் "இதை நீங்கள் போலீசில் சொல்லவில்லை", அதிகாரியிடம் "இதை அவர் உங்களிடம் சொல்லவில்லைதானே?" இரண்டையும் ஆளுக்கொரு முறை செய்ய வைத்த பிறகுதான் சட்டத்துக்கு வருவேன்: சாட்சிய அதிநியம் 148, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 181, பழைய வழக்குகளுக்குப் பழைய சாட்சியச் சட்டம் 145, பழைய நடைமுறைச் சட்டம் 162, அப்புறம் இதே முரண்பாடு பற்றிய 1959இன் தஹ்சில்தார் சிங் தீர்ப்பு. கையால் செய்தபின் படித்தால் அந்தத் தீர்ப்பு நன்றாகப் புரிகிறது.

செல்போன் பதிவு, வாட்ஸ்அப் நகல் ஆகியவற்றைச் சாட்சியமாகக் கொடுக்க சாட்சிய அதிநியத்தின் 63(4) சான்றிதழ் எழுதுவதும் இப்படித்தான். படிவத்தைக் கையில் கொடுத்து, அ பகுதியை யார் கையெழுத்திடுவது, ஆ பகுதியை யார், ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எங்கே வரும் என்று நிரப்ப வையுங்கள்.

வகுப்புக்கு முந்தைய இரவு நீங்கள் படித்தே ஆக வேண்டும். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். காசோலை வழக்கு (செக் பணமில்லாமல் திரும்பிய வழக்கு) பற்றிய வகுப்பில், முதல் நோட்டீஸின் கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் போடாவிட்டால், செக்கை மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாக வழக்குத் தொடர முடியாது என்று அழுத்திச் சொன்னேன். நான் ஜூனியராக இருந்தபோது மனப்பாடம் செய்த 1998 சதானந்தன் பத்ரன் தீர்ப்பு அது. 2012இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. அப்போது படித்திருந்தும், பேசும்போது வாயில் வந்தது பழையதுதான். அடுத்த வாரம் முதலாம் வருஷப் பையன் ஒருவன் தீர்ப்பின் நகலோடு வந்து தயங்கித் தயங்கி நின்றான். அன்றைய வகுப்பை அவனையே எடுக்கச் சொன்னேன். முந்தின வாரம் வந்து அன்று வராதவர்களுக்குப் போன் போட்டுத் திருத்திச் சொன்னேன். ஒரு ஜூனியர் அதை நம்பி, செக் இன்னும் மூன்று மாதக் காலக்கெடுவுக்குள் இருக்கும்போதே கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தப் பணத்துக்கு நான் அல்லவா பொறுப்பு? அன்றிலிருந்து வகுப்பில் சொல்லப்போகும் ஒவ்வொரு தீர்ப்பையும் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் (உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் இணையத் தொகுப்பு) முழுதாக எடுத்துப் படித்து, பிறகு வந்த தீர்ப்புகளில் அது என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிடுகிறேன். அந்தத் தளத்துக்குக் கட்டணம் இல்லை.

சொல்லித்தருபவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிராது (வழக்கு மனு) ஏன் ரிட்டர்ன் ஆகிறது, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) எப்போது கட்டுவது, பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் கட்டணம், கட்டணச் சட்டத்தின் 37(1)இல் வருமா 37(2)இல் வருமா என்பதற்கெல்லாம் ஓய்வுபெற்ற சிரஸ்தாரையோ (கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியர்) பழைய குமாஸ்தாவையோ அழையுங்கள். சிரஸ்தார் ஐயா வந்த அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். பணியில் இருக்கும் நீதிபதியை அழைத்தால், நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பேனர் வேண்டாம். உங்கள் படமும் பட்டமும் போட்டு "இலவசச் சட்டப் பயிற்சி" என்று ஊருக்குள் வைத்தால், பார் கவுன்சில் விதி 36 தடுக்கும் தொழில் விளம்பரமாகிவிடலாம். நூலகக் கதவில் கையால் எழுதிய ஒரு தாள் போதும்: தேதி, நேரம், தலைப்பு.

வகுப்பில் தமிழிலேயே பேசுங்கள். கீழ்க்கோர்ட்டில் சாட்சி பேசுவது தமிழ்தான். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கி, சந்தேகத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நானும் அப்படி இருந்தவள்தான். முதல் மூன்று வருஷம் என்னிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

மே மாதம் சிவில் கோர்ட் விடுமுறையில் மட்டும் நீண்ட வகுப்பு வைக்கலாம். காலை 10 முதல் 1 வரை, ஒரு முழு வழக்கையே பிராதிலிருந்து வாதம் வரை நடத்திப் பார்க்கலாம். அதற்கு நூலகச் சாவியை ஏப்ரல் கடைசி வேலை நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.