சின்னக் காரில் நுவரெலியா: ஏற்றத்தை விட இறக்கத்தைக் கவனியுங்கள்

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையகம் பார்க்கப் போகிற புலம்பெயர் குடும்பங்கள் நிறைய. போகிற வாகனம் பெரும்பாலும் சின்னக் கார்தான். கட்டுப்படியான வாடகைக்குக் கிடைப்பது சுசுகி வாகன் ஆர், அல்லது அல்ட்டோ. ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இரண்டு லீற்றர் எஞ்சின் ஓடிப் பழகியவர்கள் அதைப் பார்த்ததும் கேட்பது, "இது மலை ஏறுமா?" என்றுதான். ஏறும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றி. அதை ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் காரின் கணக்கைப் பார்ப்போம். ஜப்பானில் இந்த வகைச் சின்னக் கார்களுக்கு விதித்திருக்கும் உச்ச எல்லை 660 சிசி, 64 குதிரைவலு. ரேர்போ இல்லாத வாகன் ஆருக்கு 50 குதிரைவலுவை ஒட்டித்தான் வரும். இந்தியாவிலிருந்து வந்த அல்ட்டோ 800-இன் எஞ்சின் 796 சிசி. அதுவும் 50-ஐத் தாண்டாது. வெறும் காரின் எடை 700 முதல் 800 கிலோ. நாலு பெரியவர்களும் விமானத்தில் கொண்டுவந்த 23 கிலோப் பெட்டிகள் நாலும் ஏறினால் கிட்டத்தட்ட 400 கிலோ, அதாவது காரின் எடையில் பாதி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். ரேர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீற்றருக்குப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். கொழும்பில் 50 ஆக இருந்தது மேலே போகும்போது 40 சொச்சம்தான்.

ஆகவே பாரத்தைக் குறையுங்கள். திரும்பி வரும் வழியும் கண்டிதான் என்றால் பெரிய பெட்டிகளைக் கண்டித் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு இரண்டு நாள் உடுப்போடு ஏறலாம். ஜப்பான் வாகன் ஆர் நாலு பேருக்கென்று செய்த கார். ஐந்தாவதாக மருமகனையும் இடுக்கிக்கொண்டு போனால் அவருக்கு ஆசனப்பட்டியே இருக்காது. ஐந்து பேர் என்றால் வேறு வாகனம் பிடியுங்கள்.

எந்தப் பாதையால் போவது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கண்டிக்கு வந்து, பேராதனையில் ஏ5-ஐப் பிடித்தால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை வழியாக ஏ7. இரண்டும் பிரதான வீதிகள், சின்னக் காருக்குப் போதும். ஏ5-இல் கடினமான பகுதி றம்பொடைக்குப் பிறகு வருகிறது. அங்கேயிருந்து இன்னும் 900 மீற்றர் உயரம் ஏற வேண்டும். அதனால் றம்பொடையில் நின்று தேநீர் குடித்துவிட்டு எஞ்சினையும் கொஞ்சம் ஆறவிட்டுப் போவது நல்லது.

கைத்தொலைபேசி காட்டும் குறுக்குப் பாதைகளை நம்பாதீர்கள். அது தூரத்தையும் நேரத்தையும் பார்க்கும். உங்கள் எஞ்சினையும் பிரேக்கையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்ல குறுக்குப் பாதை இருக்கிறது. செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று அங்கே வானோடும் ஓட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். சில நிமிடம் மிச்சம் பிடிக்க அந்தப் பாதையில் இறங்க வேண்டாம், சுற்றிப் போங்கள். எல்ல–வெல்லவாய வீதியும் நீண்ட இறக்கம்தான். 2025 செப்டெம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனது அங்கேதான். அதே ஆண்டு மே மாதம் ஏ5-இல், கொத்மலை கெரண்டிஎல்லவில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த வீதிகளில் எத்தனையோ பேர் தினமும் பத்திரமாகப் போய் வருகிறார்கள். ஆனால் அங்கே கவனம் தப்பினால் திருத்திக்கொள்ள இடமில்லை.

வாடகைக் காரைப் பொறுப்பெடுக்கும்போது

வாடகைக்குத் தருபவர் கீறல்களைப் படம் எடுத்துக் காட்டுவார். நீங்கள் குனிந்து ரயரைப் பாருங்கள். நாலு ரயரிலும் பூ நன்றாக இருக்க வேண்டும். பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெயைப் பாருங்கள். கறுத்துப்போயிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு கார் கேளுங்கள். ஒரு சரிவில் நிறுத்தி ஹான்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். உருண்டால் அந்தக் கார் மலைக்கு ஆகாது. பின்னால் ஸ்பெயார் சில்லு இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். பல ஜப்பான் சின்னக் கார்களில் சில்லே கிடையாது, பஞ்சர் ஒட்டும் போத்தல் ஒன்றுதான் இருக்கும். ரயரின் பக்கம் கிழிந்தால் அது உதவாது.

அப்படியே ஓட்டுநர் அனுமதிப்பத்திர விஷயத்தையும் முடித்துவிடுங்கள். சர்வதேச அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் அதை உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கையை விரித்துவிடும்.

ஏறும்போது

சின்ன எஞ்சின் தாழ்ந்த சுற்றில் இழுக்காது. அல்ட்டோ 800-இன் முழு இழுவிசை கிடைப்பது நிமிடத்துக்கு 3,500 சுற்றில்தான். எஞ்சின் முனகத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். முடக்கில் போய்க் குறைக்கலாம் என்று இருந்தால் கிளச்சை மிதிக்கும் அந்த நேரத்தில் கார் வேகம் முழுவதையும் இழந்துவிடும். கொண்டை ஊசி முடக்குகளில் இடதுபக்கம் திரும்புவதுதான் கஷ்டம். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் இடது முடக்கில் நாம் உள்வட்டத்தில் இருப்போம், சரிவு அங்கேதான் மிகக் கூட. அதற்கு முதலாம் கியர். வெட்கப்படாமல் போடுங்கள். கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று வலதுபக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குக் களைப்பில் கை தானாக வலப்பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முடக்கிலும் "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டு வரட்டும்.

ஏசியை நிறுத்திவிடுங்கள். சின்ன எஞ்சினுக்கு அது பெரிய சுமை, மேலே போகப் போக அது தேவையும் இல்லை. முன்னால் பஸ் போனால் நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் முடக்கில் வீதி முழுவதையும் எடுத்துத்தான் திரும்பும், அதற்கு வேறு வழியில்லை. எதிரே பஸ் வருவது தெரிந்தால் முடக்குக்கு முன்பே ஒதுங்கி நின்று அதை விட்டுவிட்டு ஏறலாம். சரிவில் நின்று எடுக்கும்போது ஹான்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். ஓட்டோமற்றிக் என்றால் அக்சிலேட்டரை மிதித்து மிதித்து சரிவில் காரைத் தாங்கி வைத்திருக்க வேண்டாம், கியர்பெட்டி சூடாகிவிடும்.

பல வாகன் ஆர்களில் வெப்பமானி முள் கிடையாது, ஒரு விளக்குதான். சிவப்பாக எரிந்தால் சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.

இறங்கும்போது

ஆட்கள், பெட்டிகளோடு கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வரும்போது கிட்டத்தட்ட 1,400 மீற்றர் கீழே இறங்குகிறோம். அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். சுமார் 50 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பம் அது. அதில் பெரும்பகுதியை எஞ்சினிடம் கொடுக்கலாம். அல்லது முன்னால் இரண்டு சின்னத் தட்டும் பின்னால் இரண்டு டிரம்மும் உள்ள பிரேக்கிடம் கொடுக்கலாம்.

பிரேக்கிடமே கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். எண்ணெய்க்குள் குமிழி வந்துவிட்டால் மிதி அடிவரை போகும், கார் நிற்காது. அதற்கு முன்னால் ஒரு கருகல் மணம் வரும். அந்த மணம் வந்தால் தேயிலைத் தொழிற்சாலை மணமோ என்று யோசித்துக்கொண்டிருக்காமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் தட்டு நெளிந்துவிடும்.

பழைய லொறிச் சாரதிகள் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது: ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர். மனுவல் என்றால் இரண்டாவது, செங்குத்தில் முதலாவது. இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஓட்டோமற்றிக் என்றால் ‘டி’க்குக் கீழே ‘எல்’ இருக்கும், அல்லது கியர்ப் பிடியில் ‘எஸ்’ பொத்தான் இருக்கும். டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட்டில் ‘பி’ (B, நிறுத்தி வைக்கும் P அல்ல) இருக்கும். வெளிநாட்டில் பத்து வருடம் ஓடியவர்களில்கூட அதைத் தொட்டே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். கண்டியிலேயே ஒரு சின்ன இறக்கத்தில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஹைபிரிட் காரின் பற்றரி இறக்கத்தில் விரைவாக நிறைந்துவிடும். அதன்பிறகு பற்றரி பக்கத்துப் பிடிப்பு போய்விடும், ‘பி’யில் எஞ்சின்தான் காரைப் பிடிக்கும்.

தாழ்ந்த கியரில் எஞ்சின் சத்தம் கூடும். பின்னால் இருக்கும் அம்மா பயப்படுவார். 4,000 சுற்றில் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. பெற்றோல் வீணாகிறது என்பதும் சரியில்லை: கியரில் இருந்தபடி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இக்கால எஞ்சின்கள் பெற்றோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை ஓட வைக்கப் பெற்றோல் செலவாகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். எஞ்சினையே நிறுத்திவிட்டு உருட்டினால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் ஸ்டியரிங்கின் பவரும் சேர்ந்து போய்விடும். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் மிகப் பெரிய தவறு. முடக்குக்கு முன்னால் நேர்ப்பாதையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுவதுமாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் தட்டு ஆறும். 25, 30 கிலோமீற்றர் வேகம் போதும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விடலாம். எதிரே ஏறி வருபவருக்கும் வழி விடுவது மலைப்பாதை மரபு. சரிவில் நின்று எடுப்பது அவருக்குத்தான் கஷ்டம்.

காலநிலையும் மண்சரிவும்

ஜூலை, ஓகஸ்ட்டில் போனால் தென்மேற்குப் பருவமழை. ஹற்றன், கினிகத்தேனைப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். டிசெம்பரில் மழை பதுளைப் பக்கச் சரிவுகளுக்கு மாறும். எந்த மாதமானாலும் பிற்பகலில் புகார் (மூடுபனி) இறங்கும், ஆகவே விடிய வெளிக்கிட்டு மதியத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள். புகாருக்குள் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீமில் போங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கிப் போட்டது. மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், வீதிகள் பல இடங்களில் உடைந்தன. ஆகவே பழைய பயணக் குறிப்பை வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். போகிற வழியில் சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தங்குமிடத்தில் அன்று காலையே வீதி எப்படி என்று கேளுங்கள், வழியில் கடைகளிலும் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். தோட்டப்புறங்களில் நடைபாதை கிடையாது. பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடையோடு வரும் அம்மாமாரும் வீதியோரத்தில்தான் நடக்கிறார்கள். அது அவர்களுடைய ஊர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்குப் பக்கத்தால் போகும்போது நடை வேகத்துக்கு இறங்கிவிடுங்கள், சேற்றுத் தண்ணீரை அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

சரிவில் நிறுத்தும்போது மேல்நோக்கி நின்றால் முதலாம் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவேர்ஸ், முன்சில்லை மலைப்பக்கம் திருப்பி, ஹான்ட் பிரேக்கும் போட்டு, சில்லுக்கு ஒரு கல். போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது தெரியாது.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பொலிஸ் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மலையில் நிற்கும் இடத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வீதி இலக்கத்தையும் கடைசியாகக் கண்ட கிலோமீற்றர் கல்லின் எண்ணையும் சொல்லுங்கள்.