உபயகாரர் பணத்தில் ஒரு சாகசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு உபயம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். மேளம், சாத்துப்படி, பிரசாதம் என்று அன்றைய செலவு அவர்களுடையது. கோயில் மரியாதையாகத் தரும் காளாஞ்சியும் அவர்களுக்குத்தான். ஆனால் பூசையில் எதற்குப் பின் எது என்று ஐயரிடம் எந்த உபயகாரரும் சொல்லப் போவதில்லை.

மேசையைச் சுற்றி இருந்து ஆடும் கதை விளையாட்டுக்குச் சாகசம் எழுதுபவர்கள் இந்த ஒழுங்கை மனதில் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார், மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று முடிவெடுப்பார்கள், இருபது பக்கப் பகடை உருளும். நடத்துபவரின் கையில் இருக்கும் புத்தகம்தான் சாகசம். இடங்கள், வரைபடம், அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2006இல் வுல்ஃப்காங் பவுர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ‘ஓபன் டிசைன்’ என்ற பெயரில் இதற்கு உபயகாரர்களைத் தேடினார். முன்பணம் கட்டியவர்கள் சாகசம் எழுதப்படுவதைக் கூடவே இருந்து பார்க்கலாம், யோசனை சொல்லலாம், வாக்களிக்கலாம். இணையத்தில் இப்படி முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது 2009இல், அதற்கு மூன்று வருடம் கழித்து.

நானும் இரண்டு நண்பர்களும் இதே முறையில் தமிழில் ஒன்று செய்தோம். உபயகாரர் 31 பேர், பாதிக்கு மேல் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள். களம் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அதற்குள் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழம் போகும் நிலத்தடிக் குகைவழியில் என்ன இருக்கிறது? அதுதான் எங்கள் சாகசம்.

எல்லாவற்றையும் உபயகாரரிடமே கேட்டு எழுதுவதுதான் முதல் தவறு. ஆகப் பெரிய தவறும் அதுதான். காசு தந்தவர்களை மதிக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் நாங்களும் அதைச் செய்தோம். ஞாயிறு இரவு ஏழரைக்குக் காணொளியில் கூடுவோம். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி, லண்டனில் பின்னேரம் மூன்று. முதல் கூட்டத்தில் “குகைக்குள் யார் இருக்கலாம்?” என்று கேட்டோம். பத்தொன்பது பதில் வந்தது. நாகர், முனி, சங்கிலியனின் வாள், வழி தவறிய ஒல்லாந்துப் படைவீரனின் ஆவி, இன்னும் பல. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வடிவான யோசனைதான். யாரையும் நோகடிக்கக் கூடாது என்று பத்தொன்பதையும் உள்ளே வைத்தோம். சனசமூக நிலையத்தில் நாலு பேரை இருத்தி விளையாடிப் பார்த்தபோது ஏழாவது அறையிலேயே நாற்பது நிமிடம் போனது. கடைசியில் ஒரு தங்கச்சி பகடையை மேசையில் வைத்துவிட்டு, “அண்ணா, நாங்கள் இப்ப எதுக்கு இங்கே வந்தனாங்கள்?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

திறந்த கேள்வி கேட்டால் பட்டியல்தான் வரும். இரண்டு பக்கமும் நீங்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கும் கேள்வியைக் கேளுங்கள். அடுத்த வாரம் நாங்கள் கேட்டது இது: கிணற்றின் அடியில் இருப்பவள் நல்ல தண்ணீரைக் காக்கிறாளா, விற்கிறாளா? விற்கிறாள் என்றே பெரும்பான்மை வாக்கு. அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டது. விற்கிறாள் என்றால் விலை என்ன? காசு அவளுக்கு எதற்கு? ஞாபகங்களை வாங்குகிறாள் என்று வைத்தோம். அப்படியென்றால் மேலே இருக்கும் ஊரில் பழைய கதை எதுவும் தெரியாத ஒரு தலைமுறை இருக்க வேண்டும். ஒல்லாந்துப் படைவீரன் வெறும் ஆவியாக நிற்காமல், தன் வீட்டின் பெயரைக் கொடுத்துத் தண்ணீர் குடித்த முதல் ஆளானான். வாளுக்கும் முனிக்கும் இதில் இடமில்லை. அவற்றைச் சொன்னவர்களிடம் ஏன் இல்லை என்று ஒவ்வொருவராகக் கதைத்தோம். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை.

கதையின் போக்கு, ஊரின் குணம், யாருடைய பக்கம் நியாயம் இருக்கிறது என்பவற்றை வாக்குக்கு விடலாம். எதிரிக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, பொறியிலிருந்து தப்ப எவ்வளவு உருட்ட வேண்டும் என்பவற்றை விடக்கூடாது. அதை விளையாடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கூடுதலாகத் தருபவருக்கு என்ன கைம்மாறு என்பதிலும் கவனம் வேண்டும். “உங்கள் பெயரில் ஒரு பாத்திரம்” என்பது வழக்கமான வாக்குறுதி. படகோட்டியாக, தேநீர்க்கடைக்காரராக, தகவல் சொல்லும் ஆச்சியாக வைத்தால் எல்லோருக்கும் சந்தோசம். சிலர் அந்தப் பாத்திரமே வந்து சிக்கலைத் தீர்க்கும்படி எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே மட்டும் இணங்காதீர்கள். விளையாட வந்தவர்கள் வேறொருவரின் வீரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வரவில்லை.

இன்னொன்றையும் வாக்குக்கு விடவே கூடாது. ஓர் உபயகாரர், நல்ல மனதோடுதான், கிணற்றுக்குப் போகும் வழியில் யுத்தகாலப் பங்கர் ஒன்றை வைத்து அதற்குள் புதையல் வைக்கலாம் என்றார். இங்கே மேசையில் இருக்கும் நாலு பேரில் ஒருவரின் வீட்டிலாவது அப்படியொரு பங்கருக்குள் இருந்த இரவுகளின் கதை இருக்கும். அதை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்து எழுதவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதற்கென்று தனியாக, முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் சம்மதித்து ஆடும் சாகசம் வேண்டும். வழிப்போக்கில் வரும் ஓர் அறையாக அது இருக்கக்கூடாது.

சோதனை ஆட்டத்துக்கு வருவோம். உபயகாரர்களே விளையாடிப் பார்த்துச் சொல்வார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எழுதும்போதே கூட இருந்தவர்களுக்கு இரகசியம் எல்லாம் தெரியும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரால் அந்தக் கதவின் முன் தயங்க முடியாது. எதுவும் வாசிக்காத ஒரு குழுவைத் தேடுங்கள். அப்புறம், எழுதியவர் நடத்தவே கூடாது. புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மூலையில் இருந்து எங்கெல்லாம் அவர் தாளைப் புரட்டுகிறார் என்று மட்டும் குறியுங்கள். எங்கள் நடத்துநர் மூன்றாம் அறையில் நின்றுவிட்டார். கதவு பூட்டியிருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் இல்லை. என் மனதில் அது பூட்டியிருந்தது, எழுத்தில் வரவில்லை. நான் நடத்தியிருந்தால் அந்தப் பிழை அச்சுவரை போயிருக்கும்.

காசு விசயம். இலங்கையில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. அதனால் வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் பெயரில் தொடங்குவார்கள். அப்போது பணமும் அவருடையது, வரியும் அவருடையது, பொறுப்பும் அவருடையது. எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் யார் எதை வைத்திருக்கிறார், எப்போது அனுப்புவார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துவிடுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அச்சுச் செலவை ரூபாயில் ஒருமுறை கணக்குப் போட்டு ஒரு வருடத்துக்கு நம்பியிருக்காதீர்கள். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பத்திரிகை அடிக்கவே தாள் இல்லாத நாட்களையும் அந்த வருடம் பார்த்தோம். அச்சகத்தில் விலை கேட்கும்போது அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் கேளுங்கள். தபால் செலவு இன்னும் மோசம், ஏனென்றால் அது நிறையைப் பொறுத்தது. சேர்ந்த தொகை கூடக்கூடத் தடித்த அட்டை, துணி வரைபடம், பகடை என்று வாக்குறுதியையும் கூட்டிக்கொண்டே போனால், கூடி வந்த காசு முழுக்க ரொறன்ரோவுக்குப் போகும் பொதிகளில் போய்விடும். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பக்கங்களைக் கொடுங்கள், பீடீஎஃபில் கொடுங்கள். ஓவியருக்கு இன்னொரு படத்துக்கான சம்பளத்தைக் கொடுங்கள்.

பக்கக் கணக்கையும் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் போடாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து அமைத்தால் வரிகள் உடைந்து, ஒவ்வொரு எதிரியின் எண்களையும் தரும் குணக்கட்டம் ஒவ்வொன்றும் எதிர்பார்த்ததைவிட நீளும். எங்களுக்கு 32 என்று நினைத்தது 44 ஆனது. இன்னொன்று எழுத்துரு. அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால் தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே கோப்பைப் பீடீஎஃபாக அனுப்பினால் “நிலாவரை” என்று தேடினாலும் கிடைக்காது, நகல் எடுத்தால் ஆங்கில எழுத்துக்குப்பைதான் வரும். விளையாட்டின் நடுவே தேடிப் பார்க்க முடியாத புத்தகம் நடத்துநருக்கு உதவாது. யூனிகோடில் அமைக்கும் ஆளை முதலிலேயே பிடியுங்கள்.

உரிமை விசயம் சுருக்கம்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளான எஸ்ஆர்டி 5.1 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. கேட்கப்பட்ட நன்றிவரியைச் சேர்த்தால் போதும், விற்கலாம். உபயகாரர் சொன்ன யோசனை புத்தகத்தில் வந்தால் அது யாருடையது என்று பணம் வாங்குமுன்னரே எழுதி வையுங்கள். பிறகு வெளியாருக்கு விற்பீர்களா என்பதும் அப்படியே. ஓபன் டிசைனின் ஆரம்பகாலச் சாகசங்கள் உபயகாரருக்கு மட்டும் என்றே வந்தன. கிரெக் ஸ்டோல்ஸி என்ற எழுத்தாளர் அதற்கு நேரெதிராக, கேட்ட தொகை சேர்ந்ததும் படைப்பை எல்லோருக்கும் இலவசமாக விட்டார். இரண்டும் நேர்மையான வழிகள்தான். முன்னதைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு நடுவில் பின்னதுக்கு மாறினால்தான் பிழை.

பிந்தினால் உடனே சொல்லுங்கள். “ஓவியர் சுகமில்லை, மூன்று கிழமை பிந்தும்” என்று வட்ஸ்அப்பில் போட்டால் எல்லோருக்கும் விளங்கும். இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு அதையே சொன்னால் யாருக்கும் விளங்காது.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு வேலை: நன்றிப் பக்கத்தில் இருக்கும் பெயர்கள். பணம் அனுப்பிய கணக்கில் ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்து நீங்களே தமிழில் எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய ஒரு வரியை மட்டும் அனுப்பிக் கேளுங்கள். எங்கள் 31 பேரில் ஒன்பது பேர் திருத்தினார்கள். சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் புங்குடுதீவு, அளவெட்டி என்று ஊரையும் சேர்க்கச் சொன்னார்கள். ஒருவர் தன் பெயரை எடுத்துவிட்டு, நிலாவரைக் கதையைத் தனக்கு முதலில் சொன்ன அம்மம்மாவின் பெயரைப் போடச் சொன்னார்.