நகவெட்டிக்குப் பயந்த மணிக்கு ஓர் உப்புத்தாள் பலகை

எங்கள் நாய் மணிக்குத் தீபாவளி வெடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நகவெட்டி ‘டிக்’ என்றால் மட்டும் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிவிடும். இரண்டு பேராக அமுக்கிப் பிடித்து வெட்டச் சொன்னார்கள். பயந்த நாயை அமுக்கினால் அடுத்த முறை அது பல்லைக் காட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹார்டுவேர் கடையில் 80ஆம் எண் உப்புத்தாள் வாங்கிப் பலகை ஒன்றில் ஒட்டினேன். பலகையைச் சாய்த்துப் பிடித்து, அடியில் அவித்த கோழித்துண்டை மறைத்து வைத்தால், மணி முன்னங்கால்களால் தானாகவே பறண்டுகிறது. நகம் தேய்கிறது, காலைத் தொடவே வேண்டாம். உள்ளங்கால் உரசிச் சிவக்கும் முன் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே இருக்கும் நகம் மட்டும் பலகையில் படாது. விட்டுவிட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும். அதற்கு நகவெட்டிதான் வழி. சத்தம் பழக, மணிக்கு எதிரில் காய்ந்த ஈர்க்குச்சியை நறுக்கி, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஒரு துண்டு கோழி கொடுத்தேன். காது விடைப்பது நின்ற பிறகே நகத்தில் கைவைத்தேன்.

மணிக்குக் கறுப்பு நகம். உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியே தெரியாது. மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே போனால், வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான கரும்புள்ளி ஒன்று தோன்றும். அதற்கு மேல் ஒரு சீவல்கூடக் கூடாது. ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்க மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளார்) பக்கத்திலேயே இருக்கட்டும்.

பின்னங்கால் நகங்கள் சிமென்ட் சாலை நடையிலேயே தேய்ந்துவிடுகின்றன.