பட்டன் ரோஜா விடாமல் பூக்க: தொட்டியிலும் சுவரோரப் பாத்தியிலும்

நர்சரியில் ஏழெட்டுப் பூவோடு குலுங்கிக்கொண்டிருந்த ரோஜாச் செடி, வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் முள்ளுக் குச்சியாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாம்பரம் பக்கம் எங்கள் மொட்டை மாடியில் அப்படி ஐந்து செடிகள் போயின. "உனக்குக் கைராசி இல்லைடா" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆறாவது செடி செத்தபோதுதான் வேரோடு பிடுங்கிப் பார்த்தேன்: நர்சரிக் கவரில் இருந்த களிமண் உருண்டை, வாங்கிய அன்று இருந்த மாதிரியே கெட்டியாக இருந்தது, ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. சுற்றிலும் நான் போட்ட நல்ல மண்கலவை சும்மா கிடந்தது.

அதனால் முதல் வேலை அந்த உருண்டையைக் கவனிப்பதுதான். செடிகள் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்தோ ஓசூர், பெங்களூர் பக்கமிருந்தோ லாரியில் குலுங்கிக்கொண்டு வருவதால், மண் உதிராமலிருக்க பிசுபிசுத்த களிமண்ணில் வைத்துவிடுகிறார்கள். வாங்கி வந்ததும் நடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் அப்படியே வைத்திருந்து, பிறகு கவரைக் கிழித்து உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெளிப்பக்கக் களிமண் தானாகக் கரையும். பாதிவரை கரைந்தால் போதும், வேரை அம்மணமாக்க வேண்டாம். அப்புறம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாப் பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிட வேண்டும். வேர் பிடிக்கிற நேரத்தில் செடிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஏப்ரல், மே மாதங்களில் இதைச் செய்யாதீர்கள், ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செடி வாங்குவது? பெரிய பெரிய பூ பூக்கும் ஒட்டு ரோஜாவை முதலில் வாங்கிவிடாதீர்கள். அழகுதான், ஆனால் கிளைக்கு ஒரு பூ, சென்னை வெயிலில் அதுவும் சுருங்கிப்போகும். பட்டன் ரோஜா என்று கேட்டால் ஒன்றரை அடிக்குள் அடங்கும் குட்டைச் செடி கிடைக்கும். கொஞ்சம் பெரிதாக, இரண்டு மூன்று அடிவரை கொத்துக்கொத்தாகப் பூப்பது வேண்டுமென்றால் புளோரிபண்டா என்று கேளுங்கள். நம் ஊர் மாலைகளில் கட்டும் எட்வர்டு ரோஜாவும் அடிக்கடி பூப்பதுதான், ஆனால் அது ஆளுயரம் போகும், தொட்டியில் அடங்காது. (அந்த ரோஜா இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவிலிருந்து வந்தது. தீவின் பழைய பெயர் போர்போன், அந்த ரோஜா இனத்துக்கும் அதுவே பெயர்.)

ஒட்டுச் செடி என்றால் ஒட்டுப்போட்ட முடிச்சு அடித்தண்டில் புடைப்பாகத் தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளையைப் பார்த்த அன்றே கிள்ளி எறியுங்கள். அது ஒட்டுக்கு அடியில் வேருக்காக வைத்த வேறு ரோஜாவின் கிளை, செழிப்பாக வளர்ந்து மேலே இருக்கிற நல்ல செடியைக் கொன்றுவிடும். என் பக்கத்து வீட்டுக்காரர், "பாருங்க, எவ்வளவு தழைச்சிருக்கு" என்று ஒரு வருஷம் பெருமையாக வளர்த்தது அதைத்தான்.

தொட்டிக்கு வருவோம். பட்டன் ரோஜாவுக்கு 10 அங்குலம், புளோரிபண்டாவுக்கு 14 அங்குலம் தேவை. மண் தொட்டி நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் மே மாத மாடியில் வேரை வேகவைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் வெளியே வெள்ளைச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். அடியில் ஓட்டைகள் தாராளமாக இருக்க வேண்டும், தொட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைக்க வேண்டும். கலவை என்று பெரிய ரகசியம் எதுவும் இல்லை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

சுவரோரப் பாத்தி என்றால் கவலை வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் ரோஜா வேர் அழுகிவிடும். அதனால் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்திப் பாத்தி கட்டி, ஒன்றரை அடி ஆழம் கொத்தி உரம் கலந்து, பட்டன் ரோஜாவை ஒன்றரை அடிக்கு ஒன்று, புளோரிபண்டாவை இரண்டடிக்கு ஒன்று என்று நடுங்கள். நெருக்கி நட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மழைக்காலத்தில் கரும்புள்ளி வந்து இலையெல்லாம் கொட்டிவிடும். சுவரிலிருந்தும் ஒரு அடி தள்ளி வையுங்கள். சுவர்ச் சூடு ஒரு பக்கம், சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணில் இறங்குவது இன்னொரு பக்கம். இடம் தேர்ந்தெடுக்கும்போது காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிற கிழக்குப் பக்கமாகப் பாருங்கள். மேற்கு வெயில் மட்டும் கிடைக்கிற மாடியாக இருந்தால் சித்திரை, வைகாசியில் பச்சை நிழல்வலை கட்டாமல் முடியாது.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த ரோஜாக்கள் பழைய கிளையில் திரும்பப் பூப்பதில்லை. புதிதாக ஒரு துளிர் கிளம்பி நீண்டு அதன் நுனியில்தான் மொட்டு வரும். புதுத் துளிர் இல்லையென்றால் பூவும் இல்லை. முன்பு ஐரோப்பாவின் ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் அங்கே போய், அவற்றோடு கலந்த பிறகுதான் விடாமல் துளிர்த்துப் பூக்கும் குணம் மற்ற ரோஜாக்களுக்கும் வந்தது. குணம் செடிக்குள் இருக்கிறது. துளிர்க்க வைப்பது கத்தரிக்கோல்.

பூ வாடத் தொடங்கியதும், காம்பை மட்டும் கிள்ளாமல், மேலிருந்து கீழே பார்த்து வந்து ஐந்து சிற்றிலை கொண்ட முதல் நல்ல இலைக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். அந்த இலையின் கக்கத்திலுள்ள கண் (துளிர் கிளம்பும் இடம்) வெளிப்பக்கம் பார்த்திருந்தால் நல்லது, புதுக்கிளை செடிக்கு வெளியே போகும். பட்டன் ரோஜாவில் ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கொத்து முழுவதும் முடிந்ததும் மொத்தமாக வெட்டுங்கள். பூவை விட்டுவைத்தால் சில வகைகளில் காய் பிடிக்கும், செடி அடுத்த மொட்டை மறந்துவிடும். சாமிக்குப் பூப் பறிக்கிறவர்கள் இதே இடத்தில் வெட்டிப் பறித்தால் ஒரே வேலையாகிப்போகும்.

இது போக வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வெட்டு. மழை கொஞ்சம் ஓய்ந்ததும், காய்ந்த கிளை, உள்பக்கமாகக் குறுக்கே போகும் கிளை, பென்சிலைவிட மெலிந்தவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள் (பட்டன் ரோஜாவில் எல்லாக் கிளையும் மெலிசுதான், அங்கே மூன்றில் ஒரு பங்கை மேலாக வெட்டினால் போதும்). வெட்டுக்குப் பிறகு பூக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் வெட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் நான்கு நாள் தள்ளிப்போடுங்கள், ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து கிளை கருகிக்கொண்டே கீழே இறங்கும். கருகல் வந்தால் பச்சைத் தண்டு தெரியும்வரை வெட்டிவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் குழைத்துத் தடவுங்கள்.

துளிர் விட்டுக்கொண்டே இருக்கிற செடிக்குச் சாப்பாடும் வேண்டுமே. 15 நாளைக்கு ஒரு தடவை புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறேன். நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் முறைப்பார்கள். நடுவே பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி. இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். முட்டை ஓடு, முட்டை ஓடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் போர்த் தண்ணீரில் ஏற்கனவே சுண்ணாம்பு அதிகம், எனக்கு அதனால் ஒரு பலனும் தெரியவில்லை. உண்மையில் அந்தத் தண்ணீர்தான் தொல்லை: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

பூச்சியில் எனக்கு அதிகம் தலைவலி தருவது இலைப்பேன்: மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகிவிடும். அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லியும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் இறங்கியதும், இருட்டுவதற்குள் இலை காய்கிற மாதிரி, வாரம் ஒரு தடவை தெளியுங்கள். கோடையில் இலை வெளிறி, அடியில் நூலாம்படை போலத் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், ஆனால் அதைக் காலையில் செய்யுங்கள், இரவு ஈர இலையோடு செடி நிற்கக் கூடாது.

வெட்டிய குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டன் ரோஜாவில் பூத்து முடித்த, கொஞ்சம் முற்றிய தண்டை நான்கு அங்குலத்துக்கு நறுக்கி, பாதி ஆழம் ஈர மணலில் செருகி நிழலில் வைத்தால் ஒரு மாதத்தில் பாதியாவது வேர்விடும். இவற்றில் ஒட்டு இல்லை, கீழிருந்து எது கிளம்பினாலும் அது நம் செடிதான். போன மழையில் அப்படி வந்த நான்கு செடிகளில் இரண்டை அம்மாவே எடுத்துத் துளசி மாடத்துப் பக்கம் நட்டுக்கொண்டார், கைராசி பற்றி இப்போது பேச்சே இல்லை.