பஸ்கா வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசுவை (யெஷுவாவை) மேசியாவாக ஏற்று யூதப் பண்டிகைகளை ஆசரிக்கத் தொடங்கும் மேசியானிய விசுவாசிகளுக்கு, பஸ்கா வாரம் ஏழு நாளும் புளிப்பை வீட்டை விட்டு விலக்கச் சொல்லும் யாத்திராகமம் 12 மனப்பாடமாகவே இருக்கும். அவர்கள் சறுக்குவது மாவு டப்பாவிலும் காலண்டரிலும்தான். திராட்சரசம் வாங்க மறந்தது, சோபாவுக்கு அடியில் பிஸ்கட் துண்டு கிடந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒரு வருடம் பட்டால் மறு வருடம் தானாகச் சரியாகிவிடும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டு, யாரும் திருத்தாமல், வருடா வருடம் புதிதாக வருகிறவர்கள் கைக்கு மாறிக்கொண்டே இருக்கிற தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் பார்ப்போம்.

சப்பாத்தியை மட்சா என்று பரிமாறுவது

கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட் கிடையாது. அப்படியானால் சப்பாத்தியும் மட்சா, அதாவது புளிப்பில்லாத அப்பம்தானே என்ற வாதம் ஒவ்வொரு பஸ்காவுக்கும் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல சப்பாத்திக்கு நாம் என்ன செய்கிறோம்? மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அரை மணி நேரம் ஊற வைக்கிறோம். மட்சா சுடுகிறவர் செய்யவே கூடாத காரியம் அதுதான்.

புளிப்பு என்பது கடையில் வாங்கும் ஈஸ்ட் பாக்கெட்டோடு முடிகிற விஷயமில்லை. மாவிலேயே இயற்கையாக ஈஸ்ட் இருக்கிறது. யூத மரபின்படி கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களில் எதன் மாவானாலும், தண்ணீர் பட்டு, கை படாமல் சும்மா கிடந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. எவ்வளவு நேரம் கிடந்தால்? ஒரு ‘மீல்’ தூரம் நடக்கிற நேரம் என்கிறது யூத ரபிமாரின் விளக்கத் தொகுப்பான தல்முத்தில் பஸ்காவைப் பற்றிய பெசாஹீம் பகுதி. மிக்தால் நூனையாவிலிருந்து திபேரியா வரை என்று ஊர் சொல்லியே அளவு காட்டுகிறது. பிற்பாடு ஷுல்ஹான் அரூக் என்ற யூதச் சட்டத் தொகுப்பு அதை 18 நிமிடம் என்று நிர்ணயித்தது.

அரை மணியில் வெறும் மாவு பொங்கி வழிந்துவிடாது என்பது உண்மைதான். 18 நிமிடம் என்பது ஒரு வேலி. ரபிமாரின் அளவுகள் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் மேசியானிய சபைகளும் உண்டு. அவர்கள் நிலைப்பாடு அவர்களுக்கு. ஆனால் அரை மணி பரவாயில்லை என்றால் ஒரு மணி? காலையில் பிசைந்து மாலையில் சுட்டால்? இந்தக் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருப்பதில்லை. ஏதாவது ஓர் எல்லை வேண்டும். கண் முன்னால் ஒன்று இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

இந்தத் தவறு எப்படி வளரும் என்பதற்கு ஒரு வீட்டுக் கூடுகை உதாரணம். ஒரு சகோதரி ஹாட்பாக்ஸ் நிறைய சப்பாத்தி கொண்டுவந்தார். முந்தின இரவே மாவு பிசைந்தாயிற்றாம். “புளிச்சிடக் கூடாதுன்னுதான் பிரதர், ஃபிரிட்ஜில வெச்சேன்” என்றார். ஃபிரிட்ஜ் புளிப்பை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். எண்ணெயும் உப்பும் வேறு சேர்ந்திருந்தன. பந்தியில் எல்லோரும் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். உபாகமம் 16:3 அதைச் சிறுமையின் அப்பம் என்கிறது! அடுத்த ஆண்டு இன்னும் மூன்று வீடுகளில் அதே செய்முறை.

வீட்டிலேயே செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 250 கிராம் மாவு, 125 முதல் 140 மில்லி தண்ணீர். அதற்கு மேல் கலந்தால் நேரத்துக்குள் முடியாது. தண்ணீரை முந்தின மாலையே பிடித்து, இரவு முழுக்க மூடி வைத்துக் குளிர்ந்த பிறகு எடுங்கள். வெந்நீர் கூடவே கூடாது, சூடு புளிப்பை வேகப்படுத்தும். உப்பு, எண்ணெய், சர்க்கரை, பால் எதுவும் வேண்டாம். ஓவனை 250 டிகிரியில், உள்ளே கனமான தட்டை வைத்து, அரை மணி முன்னதாகவே சூடேற்றுங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். அதுவும் மாவில் கை வைக்கும் முன்பே நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாவைப் பிசைந்த பிறகு அடுப்பைப் பற்றவைப்பவர்களே அதிகம்.

மாவில் தண்ணீர் பட்ட நொடியில் 18 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். மூன்று நிமிடத்தில் கெட்டியாகப் பிசைந்துவிடலாம். அடுத்து வருவது பழக்கதோஷம்: எல்லாவற்றையும் உருண்டை பிடித்து வரிசையாகத் தட்டில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேய்ப்பது. முறைக்குக் காத்திருக்கும் உருண்டை, ஊறிக்கொண்டிருக்கும் உருண்டை. ஒருவர் தேய்க்கும்போது இன்னொருவர் மீதி மாவைக் கை எடுக்காமல் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் 100 கிராம் மாவோடு நிறுத்துங்கள்.

தேய்க்கும்போது வறண்ட மாவு தூவாதீர்கள். அந்த மாவு வேகாமல் அப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு, பிறகு சூப்பிலோ குழம்பிலோ நனையும்போது எதைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ அது திரும்ப வந்துவிடும். ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, முள்கரண்டியால் இரண்டு பக்கமும் நெருக்கமாகக் குத்துங்கள். குத்தாவிட்டால் புல்கா மாதிரி உப்பும். உப்புவது நீராவிதான், புளிப்பில்லை. ஆனாலும் உள்ளே குடைவாக வீங்கிய மட்சாவையும், மடிந்து ஒட்டிக்கொண்ட மட்சாவையும் மரபு ஒதுக்கி வைக்கிறது. மடிப்புக்குள் மாவு வேகாமல் நின்றுவிடும் என்பதால். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உடைத்துப் பாருங்கள்: மாவு நூல் போல இழுத்தால் வேகவில்லை, ‘டக்’கென்று முறிந்தால் ஆயிற்று. ஒரு சுற்று முடிந்ததும் பலகை, குழவி, கை, நகக்கண் எல்லாம் சுத்தம். அலாரம் அடிக்கும்போது சூட்டுக்குப் போகாத மாவு மிச்சமிருந்தால் அதை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

இன்னொரு விஷயம். பெரிய ஆலைகளில் கோதுமையை அரைக்கும் முன் ஈரப்படுத்துவது வழக்கம். செடர் என்னும் பஸ்கா இரவுப் பந்திக்கு மட்டுமாவது மரபு முழுமையாக ஒப்புக்கொள்ளும் மட்சா வேண்டும் என்று நினைப்பவர்கள் கண்காணிப்பில் செய்த பெட்டி மட்சா வாங்குவதே வழி. அங்கேயும் ஏமாறலாம். வருடம் முழுக்க விற்கும் சில மட்சா பெட்டிகளில் ‘பஸ்காவுக்கு உரியதல்ல’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். முட்டையும் பழச்சாறும் சேர்த்த வகை ருசியாக இருக்கும், ஆனால் செடரில் அது மட்சாவாகக் கணக்கில் வராது.

பேக்கிங் சோடாவை எறிந்துவிட்டு ரவையை வைத்துக்கொள்வது

சமையல் சோடா வெறும் உப்பு வகை. அதில் தானியம் இல்லை. திராட்சரசத்தில் ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது என்று அதைக் கொட்டுகிறவர்களும் உண்டு. திராட்சை அந்த ஐந்து தானியங்களில் ஒன்றில்லையே. அதே அலமாரியில் ரவை, சேமியா, மைதா, ஓட்ஸ், பிஸ்கட் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

நம் அடுப்படியில் ஒளிந்திருப்பவை இவை: கூட்டுப் பெருங்காயம் (பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்தது, டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்), ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் (பார்லியும் கோதுமையும்), சோயா சாஸ், மால்ட் வினிகர், பீர். பெருங்காயத்தைத்தான் எல்லோரும் விடுவார்கள். ஏழு நாளும் சாம்பாரில் போய்க்கொண்டே இருக்கும்.

இட்லியில் சண்டை போடுவது

இட்லி மாவு பொங்குகிறது, புளிக்கிறது; ஆகவே அது விலக்கப்பட்டது என்று ஒரு தரப்பு. அரிசியும் உளுந்தும் ஐந்து தானியங்களில் வராது என்று மறு தரப்பு. பெசாஹீம் 35ஆம் ஏடு அரிசியையும் தினையையும் பற்றிப் பேசும்போது அவை புளிப்பதில்லை, கெட்டுப்போகின்றன என்று பிரித்துவிடுகிறது. செடர் பந்தியில் வைக்க பீட்ரூட்டும் அரிசியும் போதும் என்று ராவ் ஹூனா என்ற ரபி சொன்னதும் அதே தொகுப்பில் இருக்கிறது. ஐரோப்பாவின் அஷ்கெநாசி யூதர்கள் பிற்காலத்தில் அரிசி, பருப்பு வகைகளையும் விலக்கினார்கள். ஸ்பெயின் வழிவந்த செஃபார்தி யூதர்களில் பெரும்பாலோர் சாப்பிடுகிறார்கள்.

சோறும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதே எங்கள் கருத்து. பொங்கிய மாவை மட்டும் அந்த ஒரு வாரம் தள்ளி வைப்பது நல்லது. சட்டத்துக்காக இல்லை, பந்தியில் உட்காரும் பிள்ளைகளுக்குக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக. தள்ளி வைக்காதவரைப் பாவி என்று சொல்ல எந்த வசனமும் இல்லை. ரவா இட்லிக்கும் கோதுமை தோசைக்கும் இந்தச் சலுகை கிடையாது.

மட்சாவின் கோடுகளில் பிரசங்கம் பண்ணுவது

“அவருடைய தழும்புகளைப் பாருங்கள்” என்று சதுர மட்சாவைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் போதகர்கள் நிறைய. அந்த நேரான கோடுகள் இயந்திரம் போட்டவை. மட்சா இயந்திரமே 1838இல் அல்சாஸில் ஐசக் சிங்கர் என்பவர் கொண்டுவந்தது. கையால் தேய்த்த வட்ட மட்சாவில் அப்படி ஒழுங்கான கோடுகள் இருக்காது. குத்துத் துளைகள் உப்பாமல் இருப்பதற்காக.

செடர் முழுவதையும் அப்படியே மேல்வீட்டறையில் யெஷுவா நடத்தியதாகச் சொல்வதும் இதே வகை. செடரின் ஒழுங்கு நமக்குக் கிடைப்பது சுமார் 200ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில். அஃபிகோமென் என்னும் உடைத்த மட்சாத் துண்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகள் தேடுவது அதற்கும் பின்னால் வந்த வழக்கம். எலியாவின் கிண்ணமும் அப்படித்தான். பந்தியில் வைக்கும் மூன்று மட்சாவுக்கு யூத வீடுகளில் சொல்லும் விளக்கம் ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர் என்பது. அடையாளமாக எடுத்துப் போதியுங்கள், தடையில்லை. வரலாறு என்று மட்டும் சொல்லாதீர்கள். பந்தியில் ஒரு யூத விருந்தாளி இருந்தால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். சுவிசேஷங்களில் இருப்பதே போதுமான அளவு இருக்கிறது: அப்பம், லூக்கா 22இல் இரண்டு தடவை வரும் பாத்திரம், கடைசியில் பாடிய துதிப்பாட்டு.

வீட்டில் ஆடு அறுப்பது

பஸ்காவை உங்கள் ஊரில் அல்ல, கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில் மட்டுமே அடிக்கச் சொல்கிறது உபாகமம் 16:5, 6. வேண்டாம். பந்தித் தட்டில் ஒரு எலும்பு வைத்தால் போதும்.

பாகற்காய் வறுவல்

யாத்திராகமம் 12:8 பந்தியில் கேட்பது கசப்பான கீரை, பாகற்காய் இல்லை. மிஷ்னா, வேகவைத்ததையும் ஊறுகாய் போட்டதையும் ஒப்புக்கொள்வதில்லை. ரோமெய்ன் லெட்யூஸ் கிடைத்தால் பச்சையாக.

நான்கு டம்ளர்

செடரில் நான்கு கிண்ணம் திராட்சரசம் குடிப்பது வழக்கம். ஒரு கிண்ணத்துக்குக் குறைந்த அளவு சுமார் 86 மில்லி. தண்ணீர் டம்ளரில் நாலு தடவை நிரப்பினால் துதிப்பாட்டுக்கு ஆள் இருக்காது. திராட்சைச் சாறும் செல்லும்.

பெரிய வெள்ளியை வைத்துத் தேதி பார்ப்பது

ஈஸ்டர் வாரம்தானே பஸ்கா என்று விட்டேற்றியாக இருந்தவர்கள் 2024இல் மாட்டிக்கொண்டார்கள். ஈஸ்டர் மார்ச் 31. பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. 2027இலும் அதே கதை: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 21 மாலை. எபிரேய ஆண்டில் 13 மாதம் வரும் சில வருடங்களில் இப்படி விலகும்.

அடுத்த சிக்கல், நாள் மாலையில் தொடங்குவது. 2027ஐயே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21 புதன் பகல், பஸ்கா வரும் எபிரேய மாதமான நிசானின் 14ஆம் நாள். புளிப்புள்ளதைச் சாப்பிடுவதை அன்று காலையிலேயே நிறுத்தி, நடுப்பகலுக்குள் எரிக்கவோ வெளியேற்றவோ வேண்டும். செடருக்கு அரை மணி முன்னால் அலமாரியைத் திறப்பது முறையில்லை. சூரியன் மறைந்ததும் நிசான் 15, அந்த இரவுதான் செடர். பார்லி பயிரையும் பிறையையும் கண்ணால் பார்த்து மாதம் குறிக்கிற குழுக்களும் உண்டு. அவர்கள் தேதி சில சமயம் மாறும். எந்தக் கணக்கானாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெந்தெகொஸ்தே வரை அதிலேயே போங்கள். ஐம்பது நாள் எண்ணிக்கை தொடங்கும் கதிர்க்கட்டு அசைவாட்டும் நாளை ஞாயிறு என்று ஒரு கணக்கிலும், ஐம்பது நாளை நிசான் 16 முதல் என்று இன்னொரு கணக்கிலும் எண்ணினால் எங்கேயும் போய்ச் சேராது.

ஆறாம் நாளிலேயே பிரெட் வாங்குவது

14ஆம் தேதி காலையிலிருந்து ஏழு நாள் எண்ணுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுகிறார்கள். யாத்திராகமம் 12:18 தெளிவாகவே சொல்கிறது: 14ஆம் தேதி மாலை முதல் 21ஆம் தேதி மாலை வரை. 2027இல் அது ஏப்ரல் 28 புதன் மாலை. இஸ்ரவேலுக்கு வெளியே வாழும் யூதர்களில் பெரும்பாலோர் இன்னொரு நாள் சேர்த்து ஏப்ரல் 29 மாலை வரை ஆசரிப்பார்கள். உங்கள் கூடுகை எதைப் பின்பற்றுகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளைப் போலவே ஏழாம் நாளும் வேலை செய்யாத சபை கூடும் நாள். அலுவலகத்தில் விடுப்பு எழுதும்போது ஏப்ரல் 22க்கு மட்டும் எழுதாமல் 28க்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.